ரெண்டு டம்ளர் காப்பி

இரும்புலியூர்
தவக்காலம் இரண்டாம் வாரம், சனிக்கிழமை

அன்பு மகள் சினேகாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தப் பனியில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை, ஆனால் அதை எழுத இன்றைக்குக் கை வரவில்லை. பக்கத்து வீட்டு சத்யபிரியா நாளை மறுநாள் உங்கள் ஊர் கால்கரிக்குத் திரும்புகிறாள். பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், மாப்பிள்ளைக்கு நெத்திலிக் கருவாடு மூன்று கவர் போட்டுக் கட்டி (விமானத்தில் விடுவார்களோ மாட்டார்களோ, நாறினால் அவள் பாடு), இதோடு இந்தக் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். தினம் வீடியோவில் பேசுகிறவள் இதென்ன புதுசாக லெட்டர் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுவேன், அழுதால் விடும்மா விடும்மா என்று தேற்றுவாய். என்னை யாரும் தேற்றக் கூடாது. அதோடு, போனில் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதைத் திரும்ப உன் முகத்தைப் பார்த்து எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. போன வாரம் வெள்ளிக்கிழமை ஜோஷ்வாவுக்குப் பல் வைத்தியம் நடக்கவில்லை, கிளினிக்கில் மெஷின் ரிப்பேர் என்று சொன்னேன் அல்லவா, மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை, அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கல் முடிந்த வாரத்திலிருந்தே உன் தம்பி சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி ஒதுக்கித் தின்ன ஆரம்பித்தான். மீன் வைத்தால் தட்டைத் தள்ளுகிறான், அவன் மீனைத் தள்ளினால் உலகத்தில் ஏதோ கோளாறு என்று உனக்கே தெரியும். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. முப்பத்து நாலு வருஷமாக அவனுக்குப் பசியா, வயிற்று வலியா, தூக்கமா என்று நானேதான் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், டவுன் சிண்ட்ரோம் பிள்ளை, அவன் சொல்வது நாலு வார்த்தை, அதில் என்ன தெரியப் போகிறது என்று அவன் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே வலது கடைவாயில் ஈறு கறுத்துப் போய், பல் பாதி உளுத்துக் கிடக்கிறது. பிரஷ் பட்டதும் மஞ்சளாகச் சீழ் வந்தது. அந்த நாற்றத்தை நான் எப்படி எழுதுவேன், செத்த எலி தோற்றுப் போகும். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டேன் சினேகா, நான் பெற்ற பிள்ளையின் வாய்க்கு முன்னால். அவன் என்னையே பார்த்தான். பிறகு அவனும் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான், நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

சானடோரியம் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் முதலில் போனோம் என்று சொன்னேன், அங்கே நடந்ததைச் சொல்லவில்லை. அந்த ஆள் மரத்துப் போகிற ஊசியை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு கையைப் புடிச்சுக்குங்க, அஞ்சே நிமிஷம், கத்தினா கத்தட்டும் என்றான். உன் அப்பா ஒரு கை, கம்பவுண்டர் ஒரு கை, நான் கால். ஊசி வாய்க்குள் போனதும் ஜோஷ்வா அலறிய அலறலில் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை அழுதுகொண்டே ஓடிவிட்டது. டாக்டரின் விரலைக் கடித்துவிட்டான், நல்லா கடித்தான், எனக்கு அதில் வருத்தமே இல்லை. கையை உதறிக்கொண்டே அந்த டாக்டர், இதெல்லாம் மயக்கம் குடுத்துதாம்மா செய்யணும், மொதல்லயே சொல்ல மாட்டீங்களா என்று எங்கள் மேலேயே எரிந்து விழுந்தான். ஆளைப் பார்த்தால் தெரியாதா அவனுக்கு? வீட்டுக்கு வந்தால் வண்டலூரிலிருந்து உன் ரத்தினபாய் அத்தை வந்து உட்கார்ந்திருக்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டே சொல்கிறாள், ஒண்ணொண்ணா எதுக்கு அண்ணி, ஒரே மயக்கத்துல எல்லாப் பல்லையும் புடுங்கி விட்டுரலாமே, அவனுக்கு எதுக்குப் பல்லு, பொண்ணு பாக்கவா போறோம் என்று. த்தூ. இத்தனை வருஷம் அவள் வாயைப் பொறுத்துக்கொண்டேன், அன்றைக்கு முறுக்குத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இன்னும் என்னோடு பேசவில்லை, பேசாமலே இருக்கட்டும்.

அப்புறம்தான் நீ அந்தக் கிளினிக்கின் லிங்க்கை அனுப்பினாய். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, நீ அங்கே எல்லாம் மயக்கி வைத்துத்தான் செய்கிறார்கள், வலியே தெரியாது என்று நல்லதுக்குத்தான் சொன்னாய். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி அந்தக் கண்ணாடிக் கட்டடம், பேரை எழுத எனக்கு இஷ்டமில்லை. உள்ளே நுழைந்தால் சென்ட் வாசனை, மீன் தொட்டி, சுவரெல்லாம் வெள்ளைக்காரன் பல். ரிசப்ஷனில் இருந்த பெண் ஜோஷ்வாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது என்ன தெரியுமா, ஆன்ட்டி, இவர் கடிப்பாரா? நாயைக் கூட்டிக்கொண்டு வந்தால் கேட்கிற கேள்வி. உள்ளே சின்னப் பையன் மாதிரி ஒரு டாக்டர், ஜூஸ் கடை கார்டு மாதிரி வழவழவென்று ஒரு அட்டையை நீட்டினான். மூக்கில் வைக்கிற சிரிப்பு வாயு ஒன்று, குடிக்கிற சிரப் ஒன்று, நரம்பில் ஏற்றுகிற ஊசி ஒன்று, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பேர், சிரித்த முகம் பொம்மை வேறு. எது நல்லது என்று கேட்டேன். எல்லாமே பெஸ்ட்தான் மேடம், உங்களுக்கு எது கம்ஃபர்ட்டபிளோ அது என்கிறான். எனக்கு எது சவுகரியமா? பல் எனக்கா? ஊசி என்றால் ஆள் அசையாமல் தூங்குவார் என்றான், சரி என்று அதற்குத் தலையாட்டினோம். ஜோஷ்வாவுக்குக் குழந்தையில் இதயத்தில் ஓட்டை இருந்ததை ஒருவரும் கேட்கவில்லை, ராத்திரி விடும் குறட்டையைக் கேட்கவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் ஒரு சின்ன வீடியோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டுக்கலாமா, ஸ்பெஷல் கிட்ஸ் கண்டென்ட் நல்லா போகும் என்று மட்டும் கேட்டான். முப்பத்து நாலு வயது ஆண்பிள்ளை, கிட்ஸ்ஸாம். இதெல்லாம் அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டிய விஷயம். வரவில்லை. மயக்க டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார் என்று மூன்று வாரம் இழுத்தார்கள், இரண்டு தடவை தள்ளிப் போட்டார்கள், அதற்குள் இவன் விடிந்ததும் தன் கன்னத்தில் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். டக் டக்கென்று சத்தம் கேட்கும், அடுப்படியில் இருந்து ஓடிவந்து கையைப் பிடிப்பேன். எப்படியாவது முடிந்தால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

தவக்காலத்து முதல் வெள்ளிதான் தேதி கிடைத்தது. முந்தின நாள் அந்த ரிசப்ஷன் பெண் போன் பண்ணி, நாளைக்கு வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க என்று ஒரு வரி சொல்லி வைத்துவிட்டாள். நான் என்ன நினைத்தேன் என்றால், நல்லதாகப் போயிற்று, எப்படியும் நாளைக்கு ஒருசந்திதானே. நீ அங்கே போனதும் விட்டுவிட்டாய், ஆனால் நம் வீட்டில் இன்னும் அப்படித்தான், தவக்காலத்து வெள்ளிக்கு மத்தியானம் வரைக்கும் சோறு பலகாரம் எதுவும் கிடையாது, காப்பி, டீ, மோர் மட்டும் உண்டு. என் அம்மா காலத்திலிருந்து எனக்கு வெறும் வயிறு என்றால் அதுதான், காப்பி வயிற்றுக் கணக்கிலேயே வராது. ஜோஷ்வாவுக்கு ஒருசந்தி என்றால் அவ்வளவு பெருமை, பெரிய ஆள் ஆகிவிட்ட மாதிரி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இட்லி வேணாம் ஒருசந்தி என்று யாரும் கேட்காமலே சொல்லுவான், இட்லிக்குப் பதில் இன்னொரு டம்ளர் காப்பி வாங்கிக்கொள்வான். அன்றைக்கும் அப்படித்தான். காலை ஏழரை மணிக்கு, நல்ல திக்கான பாலில், சர்க்கரை தூக்கலாக, ரெண்டு டம்ளர். நானே ஆற்றிக் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ரிசப்ஷன் பெண் போனைப் பார்த்துக்கொண்டே, ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலதானே என்றாள். இல்லம்மா, இன்னிக்கு ஒருசந்தி என்றேன். அவளுக்கு அது என்னவென்றே தெரியாது, கேட்கவும் இல்லை, பேப்பரில் டிக் போட்டாள். எதிர்ச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அந்தப் பெரிய பல் படங்களுக்கு நடுவில் சின்ன எழுத்தில், பாதியை மீன் தொட்டி மறைத்துக்கொண்டு. நேரம் போகாமல்தான் எழுந்து போய்ப் படித்தேன். மயக்கம் கொடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து உணவு, பால், பால் சேர்த்த காப்பி, டீ எதுவும் கூடாது, வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தமிழில்தான் எழுதியிருந்தது, எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை. அப்பாவும் பின்னாலேயே வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். கிறிஸ்டினா, காப்பி குடிச்சானே, சொல்லிடலாம் என்றார் மெதுவாக. உன் அப்பா எலக்ட்ரிக் ட்ரெயின் ஷெட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், மேல் கம்பியில் கரண்ட் நிறுத்தியாயிற்று என்று கையெழுத்துப் போட்ட பேப்பர் கைக்கு வராமல் ஒரு வண்டிக் கூரைமேலும் ஏறாதவர், அதற்காக ஆபீசரோடேயே சண்டை போட்டவர். அந்த மனுஷனைப் பார்த்து நான், வாயை மூடிட்டு உக்காருங்க, ரெண்டு டம்ளர் காப்பி, ஒண்ணும் ஆவாது என்றேன். இன்றைக்கு விட்டால் இன்னும் மூன்று வாரம், இன்னும் மூன்று வாரம் அந்தக் குத்துச் சத்தம், இதுதான் என் மண்டையில் ஓடியது. தெரியாமல் காப்பி கொடுத்தது தப்பு, அதைக் கர்த்தர் மன்னிப்பார். தெரிந்த பிறகு கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதை யார் மன்னிப்பார்?

மயக்க டாக்டர் பேர் ரமா. ஐம்பது வயதிருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வேர்த்து வடிந்து வந்தார். பேப்பரை வாங்கிப் பார்த்தார், அதில் ஆண், முப்பத்து நாலு, பல் பயம் என்று மட்டும்தான் எழுதியிருந்ததாம், பிறகு அவனைப் பார்த்தார், திரும்பப் பேப்பரைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. நான் எழுந்து நின்றேன், என்னிடம்தான் கேட்பார், இல்லை டாக்டர் என்று சொல்ல வேண்டியதை வாயில் தயாராக வைத்துக்கொண்டேன். அந்த அம்மா என்னைத் தாண்டிப் போய் அவன் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்க பேர் என்ன என்றார். ஜோஷ்வா என்றான். எங்க வலிக்குது ஜோஷ்வா, காட்டுங்க என்றார். அவன் நேராக அந்தப் பல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினான், சினேகா. ஒரு மாதமாக நான் டார்ச் அடித்துத் தேடியதை அவன் ஒரு நொடியில் காட்டினான். அப்புறம், இன்னிக்குக் காலைல என்ன குடிச்சீங்க என்று கேட்டார். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, ரெண்டு விரலைக் காட்டி, காப்பி, ரெண்டு, இன்னிக்கு ஒருசந்தி என்றான். என்ன பெருமையாகச் சொன்னான் தெரியுமா.

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த அட்டை நீட்டின பையன் டாக்டர் ஓடிவந்து, மேடம், காப்பிதானே, லேசாக் குடுத்து மேனேஜ் பண்ணிக்கலாம், அடுத்த பேஷன்ட் வேற வெயிட்டிங் என்று இளித்தான். எனக்கு வந்த அருவருப்பில் அவனை அறைந்திருப்பேன், ஆனால் அடுத்த நிமிஷம் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா, அவன் சொன்ன அதே வார்த்தை, காப்பிதானே டாக்டர் என்று நானும் கெஞ்சினேன். அவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ரமா டாக்டர் ஊசிப் பெட்டியை மூடிவிட்டார். எங்களை ஒரு ஓரமாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். சிரிப்பு வாயு என்றால் மூக்கால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இவனுக்கு எப்போதும் மூக்கடைப்பு, வாயால்தான் மூச்சு, அது இவனுக்கு ஆகாது. சிரப் எவ்வளவு ஏறும், எப்போது இறங்கும் என்று கையில் பிடித்து நிறுத்த முடியாது. நரம்பு ஊசியை அளந்து கொடுக்கலாம், ஆனால் இவன் நாக்கும் கழுத்தும் குறட்டையும் இருக்கிற இருப்புக்குத் தூக்கத்தில் மூச்சு அடைத்தால் இந்த மாதிரி இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது, இதயத்தையும் முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வைத்து, மூச்சுக்குக் குழாய் போட்டு, முழு மயக்கத்தில்தான் இவனுக்குச் செய்ய வேண்டும், ஒரே தடவையில் எல்லாப் பல்லையும் பார்த்து, காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றுவார்கள் என்றார். இத்தனையும் சொல்ல அவருக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை. அந்த அட்டை நீட்டினவனுக்கு இதில் ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும்போது நம் தெரு ஜீவானந்தம் ஆட்டோ. கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கிறோம், ஜோஷ்வா என் மடியில் சாய்ந்தவன் அப்படியே வாந்தி எடுத்தான். காப்பி, திரிந்த பால், அதில் சீழ் நாற்றமும் சேர்ந்து, என் புடவை, அப்பா சட்டை, சீட்டு, கீழே மேட் எல்லாம். பக்கத்து பைக்குக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினான். ஜீவானந்தம் திரும்பிப் பார்த்து, இன்னாமா ஆச்சு, வுடு வுடு, கொயந்தைக்கு ஒண்ணும் இல்லியே, வண்டிய கய்விக்கலாம் என்று ஓரம் கட்டி, தன் தண்ணி பாட்டிலை எடுத்து, தன் துண்டை நனைத்து அவன் வாயைத் துடைத்தான். மூக்கைப் பொத்தவில்லை. நான் மடியில் கிடந்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பத்தரை கூட ஆகவில்லை. நான் நினைத்தபடி நடந்திருந்தால் அந்த நேரத்தில் அவன் அங்கே மல்லாந்து தூங்கிக்கொண்டிருப்பான், இதெல்லாம் என் மடிக்கு வந்திருக்காது. அந்தப் புடவையை நான் துவைக்கவில்லை, குப்பையில் போட்டுவிட்டேன். அப்பா அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்து, நானும்தானே சும்மா உக்காந்திருந்தேன் என்றார். அன்றைக்குக் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை.

இப்போது நிலவரம் என்னவென்றால், ரமா டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் வீக்கம் வடிந்திருக்கிறது, கன்னத்தில் குத்திக்கொள்வது நின்றிருக்கிறது, ரசம் சாதம் குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறான். இதய ஸ்கேன் எடுத்தாயிற்று, பயமில்லை என்றார்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு தாம்பரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரியில், அதே ரமா டாக்டர் மயக்கம் கொடுக்கிறார். நீ பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே. பேரனைப் பனியில் குல்லா இல்லாமல் அனுப்பாதே, மாப்பிள்ளை ராத்திரி ஷிப்டுக்கு வண்டி ஓட்டும்போது போனில் பேசாதே, ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. பேரன் பல்லை வாரம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கிறாயா, பால் பல்தானே என்று விட்டுவிடாதே.

உன்னிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். அன்றைக்கும் ஒருசந்தி. இங்கே காலை ஆறு மணி என்றால் உனக்கு வியாழன் சாயங்காலம், ஆபீஸ் முடிந்திருக்கும். சரியாக அந்த நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடு. என்னிடம் ஒன்றும் கேட்காதே, அப்பாவிடமும் கேட்காதே, போனை ஜோஷ்வா கையில் கொடுக்கச் சொல்லி, அவன் முகத்தைப் பார்த்து, ராத்திரியிலிருந்து என்ன குடித்தாய் என்று நீயே கேள். காப்பி என்று சொன்னால் உடனே ரமா டாக்டருக்குப் போன் பண்ணு, நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் பக்கத்தில் நின்று ஏதாவது சொல்லப் பார்த்தால் என்னை நம்பாதே. அவன் உன்னிடம் பொய் சொல்ல மாட்டான், அம்மா சொல்லுவேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், என் பேரன் பேர் சொல்ல வளரட்டும். ஆறு மணி, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கிறிஸ்டினா சவுரிமுத்து